விலையைக் குறைத்தால் விசுவாசம் குறையுமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு மின்சாரக் கார். ஆனால் பேச்சைச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் தொடங்குவதுதான் பொருத்தம். அங்கே அன்றைய தங்க விலையை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைத்திருப்பார்கள். போன வாரம் சங்கிலி வாங்கியவர் இந்த வாரம் அந்தப் பக்கம் போகிறார். கிராமுக்கு இரண்டு மூன்று வெள்ளி இறங்கியிருக்கிறது. "என்ன அண்ணே, ஒரு வாரம் பொறுத்திருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம் போலிருக்கே" என்கிறார். "அது அன்றைய விலை தம்பி, இது இன்றைய விலை" என்கிறார் கடைக்காரர். அதோடு சரி. யாரும் கடை வாசலில் நின்று நட்டஈடு கேட்பதில்லை.

அதே கடைக்காரர் போன வாரம் இவரிடம் 200 வெள்ளி செய்கூலி வாங்கிவிட்டு, இந்த வாரம் அதே சங்கிலியை எதிர்வீட்டுக்காரருக்குச் செய்கூலியே இல்லாமல் கொடுத்தால்? அப்போது வாயில் 'அண்ணே' வராது. தங்கத்தில் இழந்தது அதிகமாக இருக்கலாம், செய்கூலியில் இழந்தது குறைவாக இருக்கலாம். கோபம் என்னவோ செய்கூலியின் மேல்தான். தங்கத்தின் விலையை ஊர் தீர்மானிக்கிறது, செய்கூலியைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

மின்சாரக் கார் நிறுவனங்கள் விலையைக் குறைக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஷாங்காயில் திரண்ட 200 பேர்

2022 அக்டோபரில் சீனாவில் டெஸ்லா நிறுவனம் தன் மாடல் 3 காரின் தொடக்க விலையை 279,900 யுவானிலிருந்து 265,900 யுவானுக்குக் குறைத்தது. அந்த ஆண்டின் கடைசியோடு சீன அரசு மின்சாரக் கார்களுக்குத் தந்துவந்த மானியம் நின்றுபோவதாக இருந்தது. அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று டிசம்பரில் பலர் முந்திக்கொண்டு கார் எடுத்தார்கள். 2023 ஜனவரி 6ஆம் தேதி டெஸ்லா விலையை மறுபடியும் குறைத்தது. இந்த முறை 229,900 யுவான். மூன்று மாதம் நிறைவதற்குள் 50,000 யுவான் இறங்கிவிட்டது!

மறுநாள் ஷாங்காயில் உள்ள டெஸ்லா விநியோக நிலையத்தில் சுமார் 200 பேர் திரண்டார்கள். எல்லாரும் அண்மையில் கார் வாங்கியவர்கள். தங்களுக்கும் ஏதாவது ஈடு வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. விலைக்குறைப்புக்கு முன் காரைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு நட்டஈடு தரும் திட்டம் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அமெரிக்காவிலும் விலை இறங்கியது. அங்கே மாடல் ஒய் காரின் ஒரு வகை 65,990 டாலரிலிருந்து 52,990 டாலருக்கு வந்தது. காலையில் வீட்டு வாசலில் நின்ற காரின் மதிப்பு, உரிமையாளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் 13,000 டாலர் இறங்கியது என்றுகூடச் சொல்லலாம். புதுக் காரே 52,990 டாலருக்குக் கிடைக்கும்போது பழைய காரை அதைவிட அதிகம் கொடுத்து வாங்க யார் வருவார்கள்?

தனியாருக்கே இப்படி என்றால், ஆயிரக்கணக்கில் வாங்கியவர்களின் நிலை? ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் டெஸ்லாவிடமிருந்து 100,000 கார்கள் வாங்கப்போவதாக 2021 அக்டோபரில் அறிவித்தது. வாடகைக் கார் தொழிலில் லாபம் என்பது காரை ஓட்டி முடித்தபின் என்ன விலைக்கு விற்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தன்னிடம் இருந்த மின்சாரக் கார்களில் சுமார் 20,000 கார்களை, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்றை, விற்றுவிடப் போவதாக அது தெரிவித்தது. தேய்மானத்திற்காக மட்டும் 245 மில்லியன் டாலரைக் கணக்கில் எழுத நேர்ந்தது. பழுதுபார்க்கும் செலவும் ஒரு காரணம் என்று அது சொன்னது.

நிறுவனங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றன என்று சொல்லிவிட முடியாது. மின்சாரக் காரில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக விலை பிடிப்பது மின்கலன். புளூம்பெர்க் என்இஎஃப் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, மின்கலனின் விலை ஒரு கிலோவாட் மணிக்கு 2010ல் 1,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2023ல் அது 139 டாலர், 2024ல் 115 டாலர். 60 கிலோவாட் மணி மின்கலன் உள்ள காருக்கு அந்த ஒரே ஆண்டில் 1,440 டாலர் செலவு குறைந்திருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், இந்தியாவில் டாட்டா நிறுவனம் 2024 பிப்ரவரியில் நெக்சான் மின்சாரக் காரின் விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தபோது மின்கல விலை இறங்கியதைத்தான் காரணம் காட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா நிறுவனமும் அதே மாதத்தில் ஸ்கூட்டர் விலையை 25,000 ரூபாய் வரை குறைத்தது. பொருளைச் செய்யும் செலவு குறைந்தால் விலையும் குறையத்தான் வேண்டும். அது இன்று வாங்குபவருக்கு நல்ல செய்தி. நேற்று வாங்கியவருக்குத்தான் சங்கடம்.

சிங்கப்பூரில் காருக்கு இரண்டு விலை

இனி நம் வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் கார் வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று கார். மற்றொன்று அதைப் பத்து ஆண்டு ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ், எல்லாரும் சிஓஇ என்று சொல்வது. 1990 மே மாதத்தில் தொடங்கிய இந்த ஏலம் இப்போது மாதம் இருமுறை நடக்கிறது. ஏல முடிவு வரும் நாளில் தேக்கா உணவங்காடியில் தேநீர் குடிப்பவர்கள்கூட அதைப் பற்றிப் பேசுவார்கள், கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும்தான்.

சான்றிதழின் விலை தங்க விலை மாதிரி. எந்த நிறுவனமும் அதைத் தீர்மானிப்பதில்லை. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். இரண்டாயிரம் இல்லை, இரண்டே வெள்ளி. அதே ஏ பிரிவுச் சான்றிதழ் 2023 அக்டோபர் 18ஆம் தேதி 106,000 வெள்ளியைத் தொட்டது. 2024 ஜனவரி 4ஆம் தேதி 65,010 வெள்ளிக்கு இறங்கியது. பதினொரு வாரத்தில் 40,990 வெள்ளி! ஷாங்காயில் 200 பேர் திரண்டது இதைவிடக் குறைவான தொகைக்காக. இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாசலில் அப்படி யாரும் திரளவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கில் வருபவர் கற்பனை மனிதர், காரின் விலையும் கற்பனை. விதிகளும் ஏல விலைகளும் உண்மை.

ஃபேரர் பார்க் பக்கம் வாடகை வீட்டில் மனைவி, மகளோடு குடியிருக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். தகவல் தொழில்நுட்ப வேலை, கையில் வேலை அனுமதி. 2023 அக்டோபரில் 160,000 வெள்ளிக்கு ஒரு மின்சாரக் கார் எடுக்கிறார். அதில் சான்றிதழுக்கு 106,000 வெள்ளி, காருக்கு 54,000 வெள்ளி. அந்தக் காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது சுங்கத்துறை போடும் இறக்குமதி மதிப்பு, 20,000 வெள்ளி. அப்படிப்பட்ட காருக்கு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி 70 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும், ஏழு ஆண்டில் கட்டி முடிக்க வேண்டும். 112,000 வெள்ளி கடன், 48,000 வெள்ளி சொந்தச் சேமிப்பு.

மூன்றே மாதத்தில் வேலை போய்விடுகிறது. வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் தங்கலாம். காரை விற்றாக வேண்டும்.

அப்போது சான்றிதழ் 65,010 வெள்ளி. ஆக அதே புதுக் கார் 119,010 வெள்ளிக்குக் கிடைக்கிறது. இவருடைய காரில் மீதம் இருப்பது 117 மாதம். மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 116,000 வெள்ளிக்கு விற்கலாம். கடனில் மூன்று மாத அசல் கழிந்து 108,000 வெள்ளி பாக்கி. வட்டியையும் இடைத்தரகரின் லாபத்தையும் சேர்க்கவில்லை. சேமிப்பில் பெரும்பகுதி போனாலும், கடனை அடைத்துவிட்டு 8,000 வெள்ளியோடு ஊர் திரும்பலாம்.

இந்த நேரம் பார்த்து கார் நிறுவனம் விலையை 10,000 வெள்ளி குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுக் கார் 109,010 வெள்ளி. இவருடைய காருக்கு சுமார் 106,300 வெள்ளிதான் கேட்கலாம். காரைக் கொடுத்த பிறகும் வங்கிக்கு 1,700 வெள்ளி கடன்.

கவனியுங்கள். ஏலம் அவரிடமிருந்து எடுத்தது ஏறக்குறைய 40,000 வெள்ளி. நிறுவனம் எடுத்தது 9,750 வெள்ளி. பெரிய அடி ஏலத்துடையதுதான். ஆனால் கடனுக்குக் கீழே அவரைத் தள்ளியது அந்தக் கடைசி 10,000 வெள்ளி.

இறங்கியது ஏறுமா?

சான்றிதழ் விலையின் மேல் கோபம் வராததற்கு முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. அது ஏலம், ஏறும், இறங்கும். 65,010 வெள்ளிக்கு வந்த அதே சான்றிதழ் 2025ல் மீண்டும் 100,000 வெள்ளியைத் தாண்டியது. நடுவில் விற்காமல் காத்திருந்தவர்களின் பழைய கார்களுக்கும் அதனால் மதிப்பு கூடியது. நிறுவனம் குறைத்த விலை அப்படித் திரும்பி வருவதில்லை. மின்கலன் இன்னும் மலிவாகும்போது அது இன்னும் இறங்கத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. சான்றிதழுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. பத்து ஆண்டு முடிவதற்குள் காரின் பதிவை ரத்துசெய்தால், பயன்படுத்தாத மாதங்களுக்கான பணத்தை ஆணையம் திருப்பித் தருகிறது. அந்தக் கணக்கு இன்றைய ஏல விலையில் போடப்படுவதில்லை, நீங்கள் கொடுத்த விலையில்தான் போடப்படுகிறது. மேலே சொன்னவர் காரையே கொடுத்துவிட்டாலும் 106,000 வெள்ளியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கார் வியாபாரிகள் இதைத் தாள் மதிப்பு என்பார்கள். உபியிலும் காக்கி புக்கிட்டிலும் பழைய கார் பேரம் எல்லாம் இந்தத் தாள் மதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. காரின் உடம்புக்கு அப்படி எந்தத் தரையும் கிடையாது.

மின்சாரக் காரில் இந்தத் தரை இன்னும் மெலிந்தது. பதிவின்போது கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கட்டுகிறோம். இறக்குமதி மதிப்பு 20,000 வெள்ளி என்றால் கட்டணமும் 20,000 வெள்ளி. 2023ல் அப்படி ஒரு பெட்ரோல் காரைப் பதிவுசெய்து அந்தத் தொகையை முழுதாகக் கட்டியவர், ஐந்து ஆண்டுக்குள் பதிவை ரத்துசெய்தால் அதில் 75 விழுக்காட்டை, அதாவது 15,000 வெள்ளியை, திரும்பப் பெறலாம். மின்சாரக் காருக்கு அப்போது அரசாங்கம் இரண்டு சலுகைகளைத் தந்தது. கட்டணத்தில் 45 விழுக்காடு கழிவு ஒன்று. மாசு குறைந்த வாகனம் என்பதற்காக 25,000 வெள்ளி வரை கழிவு மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் 20,000 வெள்ளிக் கட்டணம் முழுதும் அடிபட்டுப் போகும். நல்லதுதான். ஆனால் கட்டாத பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. விற்கும் நாளில் பெட்ரோல் காருக்குத் துணை நிற்கும் 15,000 வெள்ளி மின்சாரக் காருக்கு இல்லை. சலுகையை முன்கூட்டியே சாப்பிட்டாகிவிட்டது. காட்சியறையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை, சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமா என்ன?

விசுவாசம் எங்கே போகிறது?

இத்தனைக்கும் பிறகு அதே நிறுவனத்தின் காரை மறுபடி வாங்குவார்களா? மாட்டார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். புள்ளிவிவரம் வேறு மாதிரி பேசுகிறது. அமெரிக்காவில் எஸ் அண்ட் பி குளோபல் மொபிலிட்டி திரட்டிய விவரப்படி, டெஸ்லா வைத்திருந்த குடும்பங்களில் அடுத்த காராகவும் டெஸ்லாவையே வாங்கியவர்கள் 2024 ஜூனில் 73 விழுக்காடு. விலை வெட்டுமேல் வெட்டாக இறங்கி ஒன்றரை ஆண்டு ஆன பிறகு இந்த நிலை! 2025 மார்ச்சில் அது 49.9 விழுக்காட்டுக்கு விழுந்தது. ஆனால் அந்த இடைவெளியில் நடந்த பெரிய மாற்றம் விலை இல்லை, நிறுவனத் தலைவர் எலான் மஸ்க் அரசியலில் இறங்கியதுதான்.

இதற்கும் நகைக்கடையிலேயே விடை இருக்கிறது. பழைய நகையைப் போட்டுப் புதிய நகை எடுப்பவருக்குத் தங்க விலை இறங்கினால் என்ன, ஏறினால் என்ன? கொடுப்பதும் வாங்குவதும் ஒரே விலையில். பழைய காரைக் கொடுத்து அதே நிறுவனத்தின் புதுக் காரை எடுப்பவருக்கும் அப்படித்தான். பழையதில் போனது புதியதில் ஓரளவு திரும்பி வருகிறது. முழு நட்டம் விழுவது அந்தக் கடையை விட்டு, அல்லது இந்த ஊரை விட்டே, வெளியேறுபவர் தலையில். அவரை யாரும் வாடிக்கையாளர் விசுவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலை போனவர், நோய்ப்பட்டவர், மணமுறிவில் சொத்தைப் பிரிப்பவர், ஊரில் பெற்றோரைக் கவனிக்கத் திரும்புபவர் ஆகியோர்தாம் குறித்த நாளில் விற்றே ஆக வேண்டியவர்கள். பத்து ஆண்டும் ஓட்டித் தீர்ப்பவருக்கு விலைக்குறைப்பு வெறும் வயிற்றெரிச்சல். இவர்களுக்கு அது ரொக்கம்.

வயிற்றெரிச்சலையும் சும்மா விட்டுவிடக் கூடாது. அதை எப்படி ஆற்றுவது என்று தெரிந்த நிறுவனங்கள் உண்டு. 2007 ஜூன் 29ஆம் தேதி முதல் ஐஃபோன் விற்பனைக்கு வந்தது. 599 டாலருக்கு விற்ற வகையை செப்டம்பர் 5ஆம் தேதி 399 டாலராகக் குறைத்தார்கள். வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னரே வாங்கியவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைக் கழிவு தருவதாகச் சொன்னார். பாதிப் பணம்தான். ஆனாலும் கொதிப்பு அடங்கியது.

கார் துறையிலும் ஓர் உதாரணம் உண்டு. டெஸ்லாவைப் பின்பற்றி 2023 ஜனவரி இறுதியில் ஃபோர்டு தன் மஸ்டாங் மாக்-இ காரின் விலையைக் குறைத்தது. கார் கைக்கு வராமல் காத்திருந்தவர்களுக்குப் புதிய விலை தானாகவே பொருந்தும் என்றும், ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிக் காரைப் பெற்றவர்களை நேரடியாகத் தொடர்புகொண்டு தனிச் சலுகை தருவோம் என்றும் அறிவித்தது. ஒரு மாத வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? சிறிய செலவில் பெரிய பெயர்.

மறுபுறம் தாய்லாந்து. 2024ல் பிஒய்டி கார்களின் விலை அங்கே 340,000 பாட் வரை குறைந்தது. முன்னர் வாங்கியவர்கள் புகார் செய்ய, அரசாங்கத்தின் பயனீட்டாளர் பாதுகாப்பு அமைப்பே விசாரணையில் இறங்கியது. சீனாவில் 2025 மே மாதம் அதே நிறுவனம் 22 வகைக் கார்களின் விலையை 34 விழுக்காடு வரை குறைத்தது. சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு டொயோட்டாவை முந்தி அதிகம் விற்ற கார் பிஒய்டிதான் என்பதால், இந்தச் செய்திகள் நமக்கு வேற்றூர்க் கதை இல்லை.

கண்ணுக்குத் தெரியாத விலைக்குறைப்பு

டெஸ்லா இணையத்தில் ஒரே விலையைப் போட்டு நேரடியாக விற்கிறது, பேரம் கிடையாது. அதனால் குறைத்தால் அன்றே உலகம் பார்க்கிறது. 2023 ஏப்ரலில் ஐரோப்பாவோடு சேர்த்து சிங்கப்பூரிலும் விலையைக் குறைத்தபோது அதுதான் நடந்தது. முகவர் வழியாக விற்கும் நிறுவனங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. லெங் கீ சாலைக் காட்சியறைகளில் விலைப்பட்டியல் அப்படியே இருக்கும். உங்கள் பழைய காருக்குச் சந்தை விலையைவிடச் சில ஆயிரம் வெள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஓவர் டிரேட் என்பது வழக்குப் பெயர். இல்லாவிட்டால் இலவச மின்னூட்டு, இலவசக் காப்பீடு என்று வரும். பார்வைக்கு விலை குறையவில்லை. ஆனால் பழைய கார் வியாபாரிக்குப் புதுக் காரின் உண்மையான விலை என்ன என்பது நன்றாகத் தெரியும், அவர் அதை வைத்துத்தான் உங்கள் காருக்கு விலை சொல்வார். சத்தமில்லாமல் குறைத்தாலும் மறுவிற்பனையில் அடி அதே அடிதான்.

முஸ்தபாவில் பத்துக் காசுக்கு விலைச்சீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், காட்சியறையில் மட்டும் மாதத் தவணை எவ்வளவு என்று ஒரே கேள்வியோடு எழுந்து வந்துவிடுகிறோம். கேட்க வேண்டியவை வேறு உள்ளன. சான்றிதழ் நீங்கலாகக் காரின் விலை எவ்வளவு? கழிவுகள் போக நான் உண்மையில் கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம் எவ்வளவு? மூன்றாம் ஆண்டு முடிவில் தாள் மதிப்பு எவ்வளவு, அன்று கடன் பாக்கி எவ்வளவு? கார் கைக்கு வருமுன் விலை குறைந்தால் எனக்கு எந்த விலை? ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? வாயால் சொன்னது காட்சியறைக் கதவுவரைதான் வரும். மின்கலனுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன, சான்றிதழோ பத்து ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் பழைய கார் வாங்க வருபவர் நிச்சயம் கேட்பார்.

இன்னொரு செய்தியும் உண்டு. மின்சாரக் காருக்கான சலுகைகள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. 2025ல் இரண்டும் சேர்த்து 40,000 வெள்ளி வரை கிடைத்தது, 2026ல் 30,000 வெள்ளி வரை. 2027 ஜனவரி முதல் கட்டணக் கழிவு அறவே நின்று, மற்றொன்று மட்டும் 20,000 வெள்ளி வரை தொடரும் என்று அறிவித்திருக்கிறார்கள். சலுகை குறைந்தால் புதுக் காரின் விலை ஏற வேண்டும், ஏறினால் இப்போது வைத்திருப்பவர்களின் காருக்கு அது முட்டுக்கொடுக்கும். ஆனால் விற்பனை படுத்துவிடும் என்று பயந்து நிறுவனங்கள் அந்தப் பத்தாயிரத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டால், அதுவும் இன்னொரு விலைக்குறைப்புதான். எது நடக்கப் போகிறது என்பது 2027 தொடக்கத்தில் உபியில் பழைய கார்களின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.